அண்ணியும் என் இரண்டு படிப்புகளும்

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிற்கிறோம். எல்லோருடைய வலது கையும் முன்னால் நீண்டிருக்கிறது. முன்வரிசையில் லைன் லீடர் தொப்பியோடு என் அண்ணி. பாதுகாப்பு அதிகாரி மைக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்ல, நாங்கள் அதைத் திருப்பிச் சொல்கிறோம். இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடமாட்டேன், தடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யமாட்டேன், என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு என்று உறுதி கூறும் வரிகள் அவை. ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில், கோடை விடுமுறையில் ஒரு மாதம் நானும் வேலை பார்த்தேன். அண்ணிதான் சேர்த்துவிட்டாள். தினமும் அந்த உறுதிமொழி முடிந்த பிறகுதான் பிரஸ் மெஷின்கள் ஓடத் தொடங்கும். தகட்டை உள்ளே வைத்தால் அழுத்தி வளைத்து வெளியே தள்ளும் மெஷின்கள். மற்றவர்களின் கைகள் பாதியிலேயே தளர்ந்துவிடும். அண்ணியின் கை கடைசி வரி வரைக்கும் ஆடாது. அந்த வருடம் அவளைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது.

பெர்மனென்ட் என்றால் என்ன என்று ஓசூரில் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மெஷினில், ஒரே வேலையை, பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்யும் இரண்டு பேரில் ஒருவர் கம்பெனியின் ஆள், இன்னொருவர் கான்ட்ராக்டரின் ஆள். முதல் ஆளை நினைத்தவுடன் வெளியே அனுப்ப முடியாது. இரண்டாவது ஆளிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லிவிடலாம். அண்ணி மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரி. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை கிராமத்தில் எங்களுக்கு இருந்த நிலம் மழையை நம்பியது. அண்ணன் ஓட்டும் வேன் டிராவல்ஸ்காரருடையது. ஆகவே குடும்பத்தில் மாதா மாதம் சந்தேகமில்லாமல் வரக்கூடிய ஒரே வருமானம் அண்ணியின் பெர்மனென்ட் ஆர்டரில்தான் இருந்தது. அவள் அதற்காக எதையும் பொறுத்துக்கொள்வாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நான் அப்போது அத்திப்பள்ளி வழியாக பஸ் பிடித்துப் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். முதுகலையில் மொழியியலும் தத்துவமும் சேர்த்துப் படித்தேன். மொழியியல் என்று சொன்னால் எத்தனை பாஷை தெரியும் என்று கேட்பார்கள். ஓசூரில் இஸ்திரி போடுபவருக்கே நாலு பாஷை தெரியும், அதற்கு ஏன் பெங்களூர் போகவேண்டும் என்பது அடுத்த கேள்வி. தத்துவம் என்றால் சாமியாராகப் போகிறாயா என்பார்கள். இரண்டும் சேர்த்து என்றால் பேச்சை மாற்றி, அம்மாவிடம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் பொறுமையாக விளக்கம் சொல்லிப் பார்த்தேன். செல்போன் நம் பேச்சைப் புரிந்துகொள்வதற்குப் பின்னால் மொழியியல் இருக்கிறது, பெங்களூரில் இதற்கு வேலை இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டேன். பொறியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் வண்டியில் சுற்றும் என் மாமா பையனிடம் யாரும் எதற்காகப் படித்தாய் என்று கேட்டதில்லை. என்னிடம் மட்டும் கேட்டால் நான் ஏன் பதில் சொல்லவேண்டும்?

நான் கம்பெனியை விட்டுப் படிப்புக்குத் திரும்பிய பிறகு அண்ணியின் லைனில் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு என்று அண்ணி சொல்வாள். வந்த சில நாட்களிலேயே அவள் ஆங்கில உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் பாதி வார்த்தையை விழுங்கி, மீதியை முணுமுணுப்பார்கள். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல், பாதுகாப்பு அதிகாரி சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தோடு, உரக்கச் சொல்வாள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முன்வரிசையில் நிறுத்தினார். அவளுக்கு நன்றாக ஆங்கிலம் தெரியும் என்று லைன் முழுக்க முடிவுகட்டியது. ஓசூர்க்காரர்களான எங்களுக்கு இதில் ஒரு தலைக்கனம் உண்டு. ஒருவர் தெலுங்கில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்வோம், அவர் தமிழில் திட்டிவிட்டுப் போவார், காரியம் நடந்துவிடும். புரியவில்லை என்று ஒருவர் சொல்லி நாங்கள் பார்த்ததே இல்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் தனியாக விளக்கவில்லை. தலையை ஆட்டினாள், சிரித்தாள், வேலையைச் செய்தாள்.

ஆள் குறைவாக இருந்த ஒரு நாள் அவளை வேறு மெஷினுக்கு மாற்றினார்கள். தகடு உள்ளே சிக்கிக்கொண்டது. அவள் தடுப்பைத் தூக்கிவிட்டு அதை எடுக்கக் கையை உள்ளே விட்டாள். இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

அடுத்த நாள் அண்ணியோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். “என்னம்மா பண்றது, தினமும் கை நீட்டிச் சொல்றா, கைய உள்ள விடமாட்டேன்னு. அவளே சொல்லிட்டு அவளே விட்டா யாரு என்ன பண்ண முடியும்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் போன பிறகு நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் வலிக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள். வேறு மாதிரி கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு. எனக்குச் சந்தேகம் வந்து, உறுதிமொழியின் முதல் வரியைச் சொன்னேன். அவள் படுத்தவாக்கிலேயே கட்டுப் போட்ட கையை நீட்ட முயன்று, கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். அண்ணி தனக்குத் தெரிந்த கம்பெனி ஹிந்தியில் இது என்ன என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். “பிரார்த்தனா” என்றாள். கன்னடத்திலும் அந்தச் சொல் உண்டு என்பதால் அண்ணிக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பாடுவதுபோல, கம்பெனியிலும் வேலை தொடங்குமுன் சாமி கும்பிடுகிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்தியோடு சொன்னதால்தான் அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்கிறாள்.

விசாரணையில் அண்ணி ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. விபத்து நடந்த காலையில் அந்தப் பெண் உறுதிமொழி எடுத்தாளா? எடுத்தாள் என்று லைன் லீடர் சொல்லிவிட்டால் தப்பு அந்தப் பெண் மேல் விழும். அவளுக்குச் சேரவேண்டிய நஷ்டஈடு சரியாகச் சேராது, கொடுத்த வாக்கை மீறியவள் என்ற பெயர் அடுத்த கம்பெனிக்கும் கூடவே போகும். எச்.ஆர். மேனேஜர் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, உங்கள் பெர்மனென்ட் ஆர்டர் மேசையில் தயாராக இருக்கிறது, இந்த வேலை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். அவர் மிரட்டவில்லை. எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் மிரட்டத் தேவையில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “சொன்னாளா இல்லையான்னா, சொன்னா. இல்லன்னு சொன்னா அது பொய். ஆமான்னு சொன்னா அந்தப் பொண்ணு தலையில போட்ட மாதிரி. நீ ரெண்டு படிக்கிறியே, ஏதாச்சும் ஒண்ணு சொல்லேன்.” நான் வகுப்பில் கேட்டவற்றை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். வாயில் சத்தம் வருவது ஒன்று, அந்தச் சத்தத்தால் ஒருவர் ஒன்றைச் சொல்வது வேறொன்று. இதை மொழியியலில் படித்திருந்தேன். வாக்குக் கொடுப்பது என்பது மூன்றாவது. எதற்குக் கட்டுப்படுகிறேன் என்று தெரியாதவர் எதற்கும் கட்டுப்பட முடியாது. இது தத்துவத்தில் படித்தது. அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்போ எங்க கல்யாணத்துல ஐயரு என்னென்னமோ சொல்லச் சொன்னாரு. நானும் சொன்னேன், உங்கண்ணனும் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்து புரியல. அப்போ நாங்க புருஷன் பொண்டாட்டி இல்லையா?”

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சத்தத்தைக் குறைத்தார். அது நல்ல கேள்வி. என் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் அன்றைய பாடம் அதிலேயே போயிருக்கும். ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்துக்கொண்டே சொன்னேன்.

“மந்திரம் புரியல, சரிங்க அண்ணி. ஆனா நடக்கறது கல்யாணம்னு உங்களுக்குத் தெரியுமில்ல? கிரகப்பிரவேசம்னு சொல்லி உங்களக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சு, அதே மந்திரத்தச் சொல்ல வெச்சுட்டு, எழுந்தப்புறம் இந்த ஆளுக்கு நீதான் பொண்டாட்டின்னு சொல்லியிருந்தா?”

“செருப்பால அடிச்சிருப்பேன்” என்றாள் அண்ணி. அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினார். அண்ணி சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது. பெர்மனென்டை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, அதைச் சொல்ல நான் யார்?

விசாரணை அறையில் நடந்ததை அண்ணியே பிறகு நடித்துக் காட்டினாள். எடுத்தாளா இல்லையா, ஆமாம் இல்லை என்று ஒன்றைச் சொல்லும்மா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். “வாயால சொன்னா சார். சாமி கும்பிடறோம்னு நெனச்சிச் சொன்னா. சாமி கும்பிட்டா அது கம்பெனிக்கு வாக்கு குடுத்ததா ஆவுமா? அது என்னான்னு அவளுக்கு நாம யாருமே சொல்லல. நானும் சொல்லல. அப்படியே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்” என்றிருக்கிறாள். இப்படியெல்லாம் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். “எங்க வீட்ல ஒரு பொண்ணு இதத்தான் படிக்குது சார். ரெண்டு படிப்பு. ரெண்டும் சேந்தாத்தான் இது வெளங்குமாம்” என்றாளாம். ஒரு மேனேஜருக்கு எதிரில் என் படிப்பைப் பற்றி யாரும் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அவர்கள் அப்படியே எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பெண் மேல் தப்பு விழவில்லை, அவளுக்கு உரியது கிடைத்தது, கை ஆறியதும் ஊருக்குப் போனாள். கம்பெனியில் உறுதிமொழியைப் பல மொழிகளில் அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். படிப்பது மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் என்று கேள்வி. மேசையில் தயாராக இருந்த ஆர்டர் இன்னொருவருக்குப் போனது. அண்ணியை லைன் லீடர் வேலையிலிருந்து இறக்கினார்கள். அடுத்த முறை கான்ட்ராக்ட் முடிந்தபோது அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அண்ணன் என்னோடு பல நாள் பேசவில்லை. பேரிகையில் சொந்தக்காரர்கள் என் படிப்பு ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டது என்றார்கள். அது வரைக்கும் என் படிப்பால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களும் அவர்களேதான்.

அந்தக் காலை உறுதிமொழியைப் பற்றித்தான் என் ஆய்வேட்டை எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இது மொழியியலா தத்துவமா என்று கேட்டார். இரண்டும் என்றேன். இரண்டு படகில் கால் வைக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார். நான் சொன்னேன்: மொழியியல் மட்டும் படித்திருந்தால் அந்தப் பெண் பொருள் தெரியாமல் ஒலித்தாள் என்று காட்டியிருப்பேன், அதனால் அவள் ஏன் குற்றவாளி இல்லை என்று சொல்லத் தெரிந்திருக்காது. தத்துவம் மட்டும் படித்திருந்தால் வாக்குறுதி என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன், அவளுக்குப் புரிந்ததா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கத் தோன்றியிருக்காது. எல்லோரையும்போல அந்தச் சுத்தமான உச்சரிப்பை நம்பியிருப்பேன். ஆகவே தேர்ந்தெடுக்க மாட்டேன். அவர் மதிப்பெண்ணில் கைவைத்தார். வைக்கட்டும். இப்போது அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளிலும் இரண்டு வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, ஆராய்ச்சி செய்கிறேன்.

அண்ணி இன்னொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். மறுபடியும் கான்ட்ராக்ட், மறுபடியும் லைனின் கடைசி ஆள். சமீபத்தில் பேரிகையில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருக்கையில், அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படி அண்ணியிடம் கேட்டார். அவர் பல மாதங்களாக உள்ளே வைத்திருந்த கேள்வி அது. “சரி, இவ்ளோ பண்ணினியே. அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டா, உன் பேரு கூட அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. உனக்குப் பெர்மனென்ட் போச்சு. அவ மேல தப்பு இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதினாங்க, அவ்ளோதான். அது போதுமா உனக்கு?”

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்தி என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

“போதும்” என்றாள்.