வலி குறையவில்லை என்று சொன்னேன்

மூட்டுவாதத்துக்காக மாதம் ஒருமுறை கண்டிக்கு கிளினிக் போவேன். குண்டசாலையில் ஒற்றை அறையில் தனியாக இருப்பவள் நான். வரிசைக்காக வாங்குப் பலகையில் அடுக்கும் கிளினிக் கொப்பிகளில், என்னுடையதற்குப் பக்கத்தில் எப்போதும் அலவத்துகொடயிலிருந்து வரும் ஃபரீதா அக்காவின் கொப்பி இருக்கும். எனக்கும் சேர்த்து இடியப்பம் கொண்டுவருவார். "வலி எப்படி ஈக்கிது?" என்று கேட்பார். வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

புது மாத்திரையில் எனக்கு வலி நன்றாகக் குறைந்தது. குறைந்தவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லிவிடுவார்கள். அதனால், "கொஞ்சமும் கொறையல டொக்டர்" என்றேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். கூடுதலானதை நான் விழுங்காமல் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தேன். மாதாமாதம் இதே பொய்தான்.

ஒருநாள் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நான் வாங்கிக்கொண்டு நகர்ந்ததும், பின்னால் நின்ற ஃபரீதா அக்காவிடம் அதே மாத்திரை முடிந்துவிட்டது என்றார்கள். வெளியில் வாங்க அவருக்கு வசதியில்லை. வீங்கிய விரல்களால் மருந்துத் துண்டை மடித்தபடி என்னைப் பார்த்தார்.

"பரவால்ல. ஒங்களுக்காவது கெடச்சிச்சே. ஒங்களுக்குத்தானே வலி கூட."

எனக்கு வலியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மருந்துப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தேன். வாசலுக்கு வந்ததும் அவருடைய பஸ் வந்தது. கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டி ஏறினார்.

அடுத்த மாதம் அவருடைய கொப்பி வாங்கில் இல்லை. அன்று டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று மாதம் தள்ளித் திகதி போட்டுக் கொடுத்தார்.

இப்போது என் விரல்கள் நன்றாக மடங்குகின்றன. எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் யாருமில்லை.