ஜெரால்டின் பகையாளி

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் ஜெரால்டுக்கு மெஷின் வேலை. மனைவி சுகிர்தாவுக்கு அதே எஸ்டேட்டில் பிஸ்கட் பேக்கிங். தியேட்டரில் ஹீரோ வந்ததும் அவள் விசிலடித்தால்கூட ஜெரால்ட் கூடவே சிரிப்பான். அவனுக்குப் பொறாமை வந்தது இளங்கதிர் மேல்தான்.

இளங்கதிர் கப்பலில் டாக்டர். நல்ல உயரம், தாடி, மெதுவான பேச்சு. காதலிக்குக் காய்ச்சல் என்றால் தானே ரசம் வைத்துத் தருவான். சுகிர்தா செல்போனில் எழுதி வாராவாரம் ஒரு கதைச் செயலியில் போடும் தொடர்கதையின் நாயகன் அவன். முதலில் பேக்கிங் பெண்கள் மட்டும் படித்தார்கள். பிறகு எந்தெந்த ஊரிலிருந்தோ பெண்கள், ‘எனக்கு இப்படி ஒருத்தன் அமையலையே’ என்று எழுத ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் டீக்கடையில் சுகிர்தாவின் தோழி ஏஞ்சல் கேட்டாள்: “இன்னாண்ணா, நீங்க ரசம் வெப்பீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். “யார மனசுல வெச்சிக்கினு அவன எழுதற?”

“யாரையும் இல்ல. நானா யோசிக்கிறதுதான்.”

“யோசிக்கறப்ப நான் ஞாபகத்துக்கு வர்லியா?”

“நீ ஊட்லயே கீற. உன்ன எதுக்கு யோசிக்கணும்?”

மறுநாள் கேன்டீனில் உட்கார்ந்து கதையை முதலிலிருந்து படித்தான். தன் சாயலில் ஒரு கப்பல் சமையல்காரன்கூட இல்லை. அன்றே ரோஸ்மேரி என்ற பெயரில் செயலியில் நுழைந்தான். ‘டாக்டர் ரொம்ப நல்லவனா இருக்கான், நம்ப முடியல. புயல்ல கப்பல் கவுந்தா கதை சூடு பிடிக்கும்’ என்று எழுதினான். அடுத்த வாரமும் எழுதினான்.

“யாரோ ரோஸ்மேரியாம், சரியா சொல்றா” என்றாள் சுகிர்தா சாப்பிடும்போது. அவனுக்குப் புரையேறியது.

அடுத்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து அவள் புயலை எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து ஜெரால்ட் சமையலறைக்குள் போனால், பாத்திரம் துலக்கும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னா ஆச்சு?”

“செத்துட்டான்யா.”

ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பொறாமைதான் இன்னும் கூடியது. “மெஷின்ல என் வெரலு நசுங்குனப்பகூட நீ இப்படி அழல.”

“அன்னிக்கு உன்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு ஓடவே நேரம் பத்தல. எப்ப அழுவறது?”

அதைக் கேட்டபின் அவனால் அடக்க முடியவில்லை. “ரோஸ்மேரி நான்தான்” என்றான்.

சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். “கதையில கீறவன கொல்ல பொம்பள பேர்ல வந்தியா? வெக்கமா இல்ல?”

பல நாள் அவள் அவனோடு பேசவில்லை. வேலைக்கும் அவனை விட்டுவிட்டு ஏஞ்சலோடு ஷேர் ஆட்டோவில் போனாள். இளங்கதிரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாசகிகள் கெஞ்சினார்கள். ஜெரால்டும் கெஞ்சினான். “பொழைக்க வெச்சிடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“செத்தவன் செத்தவன்தான்” என்று மட்டும் சொன்னாள்.

மழை முடிந்த சமயத்தில் புதுக்கதை தொடங்கினாள். செயலியில் போடுமுன் செல்போனை அவன் கையில் கொடுத்தாள். “இனிமே நீதான் மொதல்ல படிக்கணும். எதுனா இருந்தா என் மூஞ்சப் பாத்து சொல்லு.”

இந்த முறை நாயகன் மீஞ்சூர் பக்கம் லாரி ஓட்டுகிறவன். ஜெரால்ட் ஒரு வரி விடாமல் படித்தான்.

“இவன் இன்னாத்துக்கு எல்லார்கிட்டயும் சிரிச்சிக்கினே கீறான்?” என்றான் எரிச்சலாக.

சுகிர்தா செல்போனை வாங்கி அந்த வரியை அழித்தாள். மற்றதை அப்படியே விட்டாள்.