அவுட்டோருக்குக் கட்டிய சாக்கு

ஏசி வாங்கியதே பேரனுக்காகத்தான். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் மூன்று மாதம் எங்களோடு இருப்பாள் என்று பேச்சு. செஞ்சியில் சித்திரை வெயிலில் பச்சைப் பிள்ளையை வைத்துக்கொள்வது லேசா? பகலெல்லாம் காய்ந்த பாறை மலைகள் பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டை எங்கள் தெருவுக்குள்தான் விடும்.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது அந்தச் சனியன். அதற்குப் பிறகு வேலையைக் காட்டியது. போட்டதும் ஜில்லென்று வரும். கால் மணி நேரம் ஆவதற்குள் மாடியில் வைத்திருந்த அவுட்டோர் பெட்டி நின்றுவிடும், அறையில் வெறும் காற்று. அரை மணி கழித்து மறுபடி ஜில், மறுபடி நின்றுவிடும். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வீல் வீலென்று அழுதான். சென்னையிலிருந்து மருமகன் போன் போட்டு, "மாமா, ரெண்டு நாள்ல சரியாகலன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசினேன். பக்கத்து வீட்டு ஸ்டெபிலைசரைக் கடன் வாங்கி மாட்டினேன். கரண்ட் ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். "வோல்டேஜ் கரெக்டாத்தான் சார் இருக்குது" என்றார்கள். அடுப்படியில் மிக்ஸி போட்டதற்கு மனைவியைத் திட்டினேன். "மிக்ஸிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள். அதற்கும் திட்டினேன்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டால் பின்னால் ஒரே பஸ் ஹாரன். அமாவாசைக்குக் குடும்பத்தோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மத்தியானம் வந்துடறேன் சார். அவுட்டோர் மேல எதுனா மூடி வெச்சிருக்கீங்களா?"

"என்னிய இன்னான்னு நெனச்சிக்கினு இருக்க? அதெல்லாம் பத்திரமா இருக்குது. கேஸ் கம்மியா இருக்கும், அத எடுத்துக்கினு வா" என்று வைத்துவிட்டேன்.

பத்திரமாகத்தான் இருந்தது. ஏசி மாட்டிய பத்தாம் நாள் கோட்டைக் குரங்குகள் மாடிக்கு வந்து, பைப்பில் சுற்றியிருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டிருந்தன. அன்றைக்கே நான் மூன்று சாக்கைச் சேர்த்துத் தைத்து, அவுட்டோரை நாலு பக்கமும் போர்த்தி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். வெயிலும் படாது, குரங்கும் தொடாது என்று எனக்குப் பெருமைகூட.

மறுநாள் காலையில் மருமகன் காரோடு வந்துவிட்டார். "இன்னிக்கி மெக்கானிக் வந்துடுவான், ஒரே ஒரு நாள் பாருங்க" என்று கெஞ்சினேன். மகள் குழந்தையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டுபோய் டிக்கியில் வைத்தேன்.

மத்தியானம் மெக்கானிக் வந்தான், நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. மாடி ஏறியவன் அங்கேயே நின்றான்.

"இன்னா சார் இது?"

"குரங்குக்காகக் கட்டினது."

"உள்ள இருக்கிற சூட்ட இதான் சார் வெளிய தள்ளணும். மூச்சு வுடாம கட்டிட்டீங்களே. சூடு தாங்காம நின்னுடுது."

கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான், சாக்கை உருவிப் போட்டான். அவ்வளவுதான் ரிப்பேர். ஒரு மணி நேரம் விடாமல் ஓடியது. எனக்கு என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். "சரியாயிடுச்சும்மா. வந்துடு."

"இங்க வந்ததும் தூங்கிட்டான் நைனா. மறுபடி எதுக்கு அவன அலைக்கழிக்கணும்? இன்னா ரிப்பேராம்?"

பழியைக் கரண்ட் மேல் போடலாம், குரங்கு மேல் போடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ரிப்பேரே இல்லம்மா. நான்தான் சாக்குப் போட்டுக் கட்டிட்டேன். மெக்கானிக் போன்லயே கேட்டான், நான்தான் காதுல வாங்கல."

"சரி நைனா, சாப்டியா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். ஐஸ் மாதிரி இருந்தது. தூளியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்த மனைவி ரிமோட்டை எடுத்தாள்.

"இப்ப யாருக்கு ஓடுது இது?" என்று நிறுத்தினாள்.