நாகபூஷணம் கேட்ட ஒரு பிடி மண்

ஏரி காய்ந்தால் எங்கள் ஊரில் முதலில் இறங்குவது நாகபூஷணம் அண்ணனின் டிராக்டர்தான். பாலசமுத்திரம் பஸ் போகும் சாலையோரம் அவர் கழனியும் என் கழனியும் அடுத்தடுத்து இருக்கின்றன. பங்காளி முறையில் எனக்கு அண்ணன். கோடை தவறாமல் ஏரி வண்டலை வாரிவந்து கழனியில் கொட்டுவார். விபூதிபோல் வழுவழுவென்று இருக்கும் அந்தச் சாம்பல்நிற மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து வேறு பார்ப்பார். மிச்சத்தை வீட்டு முற்றத்தில் பரப்பி, ஓரத்தில் கீரைப் பாத்தி கட்டுவார். நானோ சோம்பேறி. டிராக்டருக்கு ஆள் பார்ப்பதற்குள் எனக்கு மழை வந்துவிடும்.

"ஏண்டா ரவி, உன் கழனி சோறு துன்னாத புள்ள மாதிரி கீதே, உனுக்கு வெக்கமா இல்ல?" என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் சாயங்காலம் அவர் வீட்டுக் கீரைக்குப் போய் நிற்பேன்.

இந்த வருஷம் திருப்பதியிலிருந்து கல்லூரிக்காரர்கள் வந்து ஊரெல்லாம் மண் எடுத்துப் போனார்கள். மலையடியில் என் அப்பா காலத்திலேயே மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே மலைபோல் குவித்துவிட்டுப் போன கழிவை மழை கரைத்துக் கரைத்து ஏரியில் சேர்த்திருக்கிறது. வண்டல் என்று அண்ணன் ஆசையாக அள்ளியதில் அதுதான் கலந்திருந்தது. முடிவைச் சொல்ல வந்த நந்திதா என்ற பெண், ஊரிலேயே அவர் கழனியிலும் முற்றத்திலும்தான் ஈயம் அதிகம் என்றாள். என் மண்ணில் பயப்பட ஒன்றுமில்லையாம். சந்தோஷப்பட வேண்டிய நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கீரை, கிழங்கு எதுவும் சாப்பிடாதீங்க. மாசமா இருக்கறவங்க இந்தத் தூசியிலேயே இருக்கக் கூடாது."

அண்ணன் மகள் ஹரிதா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அப்போதுதான் வந்திருந்தாள். அதே முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கீரைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல் மண்ணை வழிச்சி எட்த்துட்டா?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்க கொட்டுவீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கழனியையும் வீட்டையும் வித்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு, "வாங்கறவன் ஊட்லயும் கொயந்த இருக்குமேடா" என்றார். இருக்கவும் முடியாது, விடவும் முடியாது. மனிதர் இளைத்தே போனார்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால் ஊர் வாயில் விழ வேண்டும், சம்பந்தி முகத்தில் முழிக்க முடியாது. ஆனாலும் நகரியில் தறி ஓட்டும் அவள் மாமியார் வீட்டுக்கே அனுப்ப முடிவு செய்தார். ஹரிதா அழுதாள்.

"நான் இந்த மண்ணுல வெளஞ்சதத் துன்னுதான வளந்தேன் நைனா, இப்ப மட்டும் இன்னா?"

"அத்த நெனச்சாத்தாம்மா எனுக்குத் தூக்கம் வரல" என்றார் அண்ணன்.

மறுநாள் ஆட்டோ வந்து நின்றது. எப்போது வந்தாலும் கழனியில் விளைந்ததை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பவர், அன்று மகளை வெறுங்கையோடு நிறுத்தியிருந்தார். வெங்கடம்மா அண்ணி திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் முற்றத்தில் மகளின் காலடி மண்ணை எடுக்கக் குனிந்தார்.

"தொடாத!" என்று கத்தி அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலடி மண் இல்லாமல் என்ன திருஷ்டி கழிப்பது? அண்ணி உப்பு மிளகாயோடு விழித்தார். அண்ணன் என்னிடம் வந்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"ரவி, உன் கழனில ஒரு பிடி மண்ணு குடுடா."

ஓடிப்போய் அள்ளி வந்தேன். அவர் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். உப்பு மிளகாயோடு சேர்த்து மகளுக்கு அவரே சுற்றினார், அவள் துப்பினாள், அண்ணி வாங்கிப்போய் அடுப்பில் போட்டார். ஹரிதா திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள்.

கையில் ஒட்டியிருந்த என் மண்ணைத் தட்டிவிடாமல் அண்ணன் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றார். வீட்டுக்குள் போக அந்த முற்றத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டிப் போனார்.