நான் கரைத்துக் கொடுத்த குளிசை

கணவருக்குப் பிரஷர் என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் கருவாடும் ஊறுகாயும் நின்றுபோயின. கறிக்குக்கூட உப்பைக் கிள்ளித்தான் போடுவேன். அப்படியிருந்தும் மூன்று மாதமாகக் கிளினிக்கில் பிரஷர் ஏறிக்கொண்டே போனது.

"சந்திக் கடையிலை களவா வடை சாப்பிடுறியளோ?"

"கடவுளாணை இல்லையப்பா."

நான் நம்பவில்லை. தோய்க்கப் போட்ட சட்டையை எண்ணெய் மணக்கிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். காலையில் அவர் பிடரியைப் பிடித்தபடி எழும்பும்போதெல்லாம், பாரிசவாதம் வந்து விழுந்துவிடுவாரோ என்று கிணற்றடிவரை பின்னாலேயே போவேன்.

போன கிளினிக்கில், வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்று நேர்ஸ் கேட்டா. லண்டனிலிருந்து தங்கச்சி அனுப்பிய விற்றமின் குளிசையைப் பெருமையோடு எடுத்துக் காட்டினேன். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும். தெம்பு வரட்டும் என்று அந்த மூன்று மாதமும் காலையும் மாலையும் நானே கரைத்துக் கொடுத்து வந்தேன்.

நேர்ஸ் குளிசைக் குழாயைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை வாசித்தா.

"அம்மா, இது நுரைக்கிறதுக்குச் சோடியம் போட்டிருக்கு. உப்பிலை இருக்கிற அதே சாமான்தான். இதை நிப்பாட்டுங்கோ. விற்றமினுக்கு நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் போதும்."

திரும்பி வரும்போது சந்திக் கடைக்காரர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன மாஸ்டர், கன நாளா இந்தப் பக்கம் காணேல்லை?"

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் பாராமலே நடந்தார்.

இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த கிளினிக்கில் பிரஷர் குறைந்திருந்தால் கேட்கலாம் என்றிருக்கிறேன். குறையாவிட்டால், எந்த வாயால் கேட்பேன்?