பிற்பகல்வரை நின்ற பங்கிரி வாசம்

“எஹலியகொட பஸ், பிற்பகல் 1.50. வாசம் இருக்கிறது.” என் நாட்குறிப்பில் ஒரு வியாழக்கிழமைப் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

முன் இருக்கையில் றப்பர் பால் வெட்டும் பெண்கள் இருவர். விரல்களில் பால் காய்ந்து கறுத்திருந்த உயரமானவர், அடிக்கடி தன் மணிக்கட்டை மோந்து பார்த்தார். திடீரென்று திரும்பி என்னிடம் கையை நீட்டினார்.

“மோந்து பாருங்க சேர், பங்கிரிப் புல்லு எண்ணெ வாசம் வருதா? விடிய அஞ்சரைக்குப் பூசுனது. இப்பவரைக்கும் நின்னா, அட்டை கடிக்காம இருக்க எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் இதையே பூசுறதா சொல்லிருக்காங்க.”

புல்வாசம் தெளிவாக வந்தது. சொன்னேன். கைதட்டிச் சிரித்தார்.

“வெறும் எண்ணெ எட்டு மணிக்கே பறந்துடுங்க. சோப்புத் தண்ணில அடிச்சுப் பாலாக்கிட்டா, துளித்துளியா உள்ள மாட்டிக்கிட்டு மெதுவாத்தான் வெளிய வரும்.”

“போன வாரம் அதுல தேசிக்கா புழிஞ்சாளே, அதக் கேளுங்க சேர்,” என்றார் தோழி.

“எலுமிச்சப் புளிப்பு அட்டைக்கு ஆகாதுன்னு புழிஞ்சேன். பால் திரிஞ்சு எண்ணெ மேல மிதந்துருச்சு. றப்பர் பால்ல அசிட் ஊத்தி உறைய வைக்கிறதத் தெனமும் பாக்குறவ நான், எனக்கே தோணல!”

பிறகு காலை நீட்டிக் காட்டினார். ஒரு கடிகூட இல்லை.

“மழையே பெய்யலியேடி, அட்டை எங்கிருந்து வரும்?” என்றார் தோழி.

“விடிய பெய்ஞ்சுச்சு! நீ தூங்குன!”

இறங்கும்வரை இருவரும் சிரித்தபடியே சண்டையிட்டார்கள்.

வாசம் நின்றதற்கு நான் சாட்சி. அன்று விடிய அந்தத் தோட்டத்தில் மழை பெய்ததா என்பதை மட்டும் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.