கில்மா கூட்டிப்போன சாட்சி

கில்மா புல்கரீனின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்த மலையூரில் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார், அவருக்குக் காது கேட்காது. இன்னொருத்தி நுபியா. சந்தைத் திடலில் எதிரெதிரே கடை. கில்மா கறி வைத்து மடித்த எம்பனாதா பொரிப்பாள், நுபியா சோள அடை சுடுவாள். புகை யார் பக்கம் போகிறது என்பதில் ஆரம்பித்த சண்டை பத்தொன்பது வருஷமாக ஓயவில்லை.

கில்மா குடும்பத்தில் ஒரு நோய் இருந்தது. நாற்பத்தைந்தை ஒட்டி வரும். முதலில் சாவி மறக்கும், அப்புறம் வீடு, அப்புறம் பெற்ற பிள்ளை. அவர்களுடைய அந்தியோக்கியா மாகாணத்து மலைக்காரர்கள் அதை மங்கல் என்பார்கள். அம்மா அதில்தான் போனாள். அக்கா உள்ளறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கில்மாவுக்கு நாற்பத்துமூன்று. மகள் லெய்திக்குப் பதினேழு. தனக்கு இருந்தால் அது அவளுக்கும் இறங்கலாம் என்பதுதான் கில்மாவின் பயம்.

மெதயீன் நகரத்து ஆஸ்பத்திரியில் மங்கலுக்கு மருந்து சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே போய்ப் பெயர் கொடுத்தாள். மாதம் ஒரு ஊசி. அதில் இருப்பது மருந்தா, வெறும் உப்புநீரா என்று போடுகிறவருக்கே தெரியாது. கில்மாவின் ரத்தத்தில் நோய் இருக்கிறதா என்றும் சொல்ல மாட்டார்கள். நோய் இல்லாதவர்களையும் கலந்துதான் சேர்த்திருந்தார்கள். அதற்கெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டாள். இன்னொரு விதியும் உண்டு. தினமும் அவளைப் பார்க்கிற ஒருவர் கூட வரவேண்டும். கடந்த மாதத்தில் அவள் எதை மறந்தாள், எங்கே தடுமாறினாள் என்று தனி அறையில் உட்கார்ந்து சொல்லவேண்டும்.

இரண்டு வருஷம் தம்பி ஆர்செசியோ வந்தான். ஒவ்வொரு முறையும் அக்கா எதையுமே மறப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். பாசத்தில் மூடி மறைப்பார்கள். ஒருநாள் அதற்கும் மாட்டேன் என்றுவிட்டான்.

"உன்ன சோதனை எலியாக்கிட்டாங்க அக்கா. நான் பக்கத்துல நின்னு வேடிக்க பாக்கணுமா?"

"எலிகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாங்களாடா? நானா போய்க் கைய நீட்டுனேன். நீ வராட்டி போ."

துணை இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். லெய்தியை அந்த அறையில் உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மதியமே திடலைக் கடந்து நேராக நுபியாவின் அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். ஜனங்கள் அடிதடி என்று நினைத்துக் கூடிவிட்டார்கள்.

"நான் எதுக்குடி உனக்கு?" என்றாள் நுபியா.

"என் தப்புல ஒண்ணக்கூட விடாம சொல்றவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

நுபியாவுக்கு வாயெல்லாம் பல். விட்டால் ஒரு ஜென்மத்துக்கும் சொல்லுவாள். மறுமாதமே தலைக்குச் சாயம் பூசி, பூப்போட்ட கவுன் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கில்மா மாவில் இரண்டு தரம் உப்புப் போட்டது, செத்துப்போன பழைய பாதிரியார் பெயரைச் சொல்லிப் புதியவரைக் கூப்பிட்டது, செருப்பை மாற்றிப் போட்டது என்று ஒரு மணி நேரம் ஒப்பித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அதை வைத்தே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கில்மாவுக்கு அதில் பரம திருப்தி. பொய்யை வைத்துக்கொண்டு யாரால் மருந்து கண்டுபிடிக்க முடியும்?

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. ஒரு தவணையில் நுபியா உள்ளே போனாள், பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தாள். கில்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போகலாம் வா என்று பையை எடுத்தாள்.

கில்மாவுக்குச் சுருக்கென்றது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில், எங்கே போகக் கிளம்பினோம் என்று தெரியாமல் அவள் நின்றாள். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தவள் நுபியா. அன்று வழியில் ஒரு கிண்டல்கூட இல்லை. நுபியாவும் தம்பியைப் போல் ஆகிவிட்டாள் என்பது அவளுக்குப் புரிந்தது. துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. நுபியாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே இருந்த டாக்டரம்மா எழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்து உட்காரக்கூடாது, அது விதி என்றார்.

"விதிய அப்புறம் பாக்கலாம் டாக்டரம்மா. இவ பொய் சொல்லிட்டா. அந்தத் தாள அடிச்சுட்டு மறுபடி எழுதுங்க." நுபியாவின் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பாவம் பாக்குறியா? நாளைக்கு என் மக இந்த நாற்காலியில வந்து உக்காந்தா, உன் பொய்ய நம்பித்தானே அவளுக்கு ஊசி போடுவாங்க? சொல்லுடி."

நுபியாவுக்குக் கண் நிறைந்தது. பஸ் நிறுத்தத்தைச் சொன்னாள். எரிகிற அடுப்பின் மேல் துணியைக் காயப்போட்டதைச் சொன்னாள். நிறுத்தினாள். கில்மா விடவில்லை. திங்கட்கிழமை லெய்தியைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பொண்ணு என்று கில்மா கேட்டதையும் நுபியா சொன்னாள்.

முதல் இரண்டும் கில்மாவுக்குத் தெரியும். மூன்றாவது தெரியாது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்.

கில்மா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

"அவ சொன்னத எழுதிக்கோங்க. ஊசிய எடுங்க. அடுத்த மாசமும் நான் வருவேன். எனக்கு வழி மறந்துட்டா இவ இழுத்துக்கிட்டு வருவா."